ஜூன் ஒன்றில் பிறந்த ஊர்

என் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் என் அப்பாதான் தலைமை ஆசிரியர்.

பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் அப்பா பிறந்த தேதியைக் கேட்பார். "கொளம் ஒடஞ்ச வருசம் சார்" என்பார்கள். "செவல மாடு கன்னு போட்டுச்சுல்ல, அதுக்கு மறுவாரம்" என்பார்கள். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஜூன் ஒன்று என்று எழுதுவார். பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஜூன் ஒன்று போட்டுவிட்டால் விதியும் மீறப்படாது, கூட்டிக் கழிக்கவும் சுலபம். வருடம் மட்டும் மாறும். பள்ளிக்கூடம் திறக்கும் நாளன்று எங்கள் எல்லோருக்கும் பிறந்தநாள். ஒருவருக்கும் மிட்டாய் கிடையாது.

பெயரிலும் எங்கள் ஊர் இப்படித்தான். ஊர்க் கோவில் ஒரு மாதாவுக்குக் கட்டியது. வீட்டுக்கு மூத்த பெண்களில் பாதிப் பேருக்கு அந்த மாதாவின் பெயர். ஆண்களில் பாதிப் பேருக்கு, கோவிலில் வலது பக்கத்துப் பீடத்தில் நிற்கும் புனிதரின் பெயர். ஆகவே அந்தப் புனிதரின் பெயருள்ள அப்பாவுக்கு அந்த மாதாவின் பெயருள்ள மகள் என்று ஒரே தெருவில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருக்கும் ஒரே இனிஷியல். இங்கே யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாரைச் சொல்கிறேன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

அந்த நான்கு பேரில் ஒருத்தி என் அக்கா.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே நாட்டு மருந்துக் கடை. மேலே மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு மின்விசிறி, 'வெப்சைட் செய்து தரப்படும்' என்று ஒரு போர்டு. முதலாளி ஆள் பிடிக்க வெளியே சுற்றுவார். பிடித்து வந்த ஆளுக்கு நான் வெப்சைட் செய்வேன். சுக்கு, திப்பிலி வாசனையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதிய இன்னொரு ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அப்படி வந்தவர்தான் உபதேசியார். உபதேசியார் என்றால், சாமியார் என்று நாங்கள் கூப்பிடும் பாதிரியார் இல்லாத நாளில் கோவிலில் ஜெபம் சொல்லிவைத்து, சாமியார் இருக்கிற நாளில் அவரிடம் திட்டு வாங்குகிறவர். இவர் ஓய்வு பெற்றபின் டவுனில் ஒரு கோவிலை ஒட்டிய அறையில் திருமணத் தகவல் மையம் நடத்திவந்தார். அவரிடம் இரண்டு நீளமான நோட்டுகள் இருந்தன. ஒன்று பெண்களுக்கு, ஒன்று மாப்பிள்ளைகளுக்கு. யார் வந்தாலும் அடுத்த வரிசை எண்ணைப் போட்டு விவரத்தை எழுதிக்கொள்வார். மதுரையில் ஒரு மையம் வெப்சைட் வைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லை.

"நோட்டுல ஒரே ஒரு தொந்தரவும்மா" என்றார் என்னிடம். "ஒரே ஆளு நாலு தடவ வந்து பதியிறாக. போட்டோ மாத்தணும்பாக, வேல மாறிருச்சும்பாக. பழசு ஒரு பக்கம் கெடக்கும், புதுசு ஒரு பக்கம் கெடக்கும். கம்ப்யூட்டர்ல அப்பிடி இருக்கக் கூடாது. ஒரு ஆளுன்னா ஒரு எடந்தான்."

"வராதுங்கய்யா. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் செய்தது இதுதான். டேட்டாபேஸ் என்பது கட்டம் போட்ட நோட்டுகளின் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நோட்டில் ஆட்கள். ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண். பெயர், ஊர், வேலை, விலாசம், போட்டோ எல்லாம் அந்த வரியில். இரண்டாவது நோட்டில் விருப்பங்கள். அதில் பெயரே கிடையாது. இந்த எண்ணுக்கு அந்த எண்ணைப் பிடித்திருக்கிறது, பொத்தானை அழுத்திய தேதி இது. அவ்வளவுதான். பெயர் வேண்டுமென்றால் எண்ணைப் பிடித்துக்கொண்டு முதல் நோட்டுக்குப் போக வேண்டும். எதையும் இரண்டு இடத்தில் எழுதக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததை நான் அட்சரம் பிசகாமல் செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே கேள்வி. வருகிறவர் பழைய ஆளா, புது ஆளா என்று கம்ப்யூட்டர் எப்படித் தெரிந்துகொள்வது? மற்ற ஊர்களில் ஈமெயிலை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். எங்களிடம் வந்தவர்களில் ஈமெயில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே ஈமெயில் வைத்திருந்தார்கள். அது பிரவுசிங் சென்டர்காரருடையது. போன் நம்பர் கேட்டால் பக்கத்து மளிகைக்கடை நம்பரைக் கொடுத்தார்கள். ஆகவே நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, சொந்த ஊர். இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள். புது வரி போடாதே, பழைய வரியிலேயே புது விவரத்தை எழுதிவிடு என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவிட்டேன். பாஸ்வேர்டும் பிறந்த தேதிதான், எட்டு இலக்கம். வேறு எது வைத்தாலும் மறந்துவிடுவார்கள் என்று உபதேசியார் சொல்லிவிட்டார்.

பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஊரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். டெல்லியில் பிறந்த ஒருத்தி இப்படி நினைத்தால் மன்னிக்கலாம். நான் எங்கள் ஊரில் பிறந்தவள். சோதனைக்கு என் விவரத்தையே போட்டு, ஜூன் ஒன்று என்று என் கையாலேயே தட்டிப் பார்த்தேன். சரியாக வேலை செய்தது.

வெப்சைட் தொடங்கியதும் ஏழாவது எண்ணாக அக்காவைப் பதிந்தேன். அக்கா எரியோட்டில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். வயது முப்பது. சர்டிபிகேட்டில் முப்பத்தொன்று. அக்கா உண்மையில் பிப்ரவரியில் பிறந்தவள். அது கோவிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கிறது. அப்பா தன் மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது அதற்கு முந்தைய ஜூன் ஒன்றை எழுதி, அவளை எட்டு மாதம் மூத்தவளாக்கிவிட்டார். சின்ன வயதில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. வரன் பார்க்க ஆரம்பித்த பிறகு அந்த எட்டு மாதம் எங்கள் வீட்டில் ஓர் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. அம்மா இல்லாத வீடு. அக்காவுக்கு ஆனால்தான் எனக்கு. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு வரன் தட்டும்போதும் அக்கா என்னைத்தான் முதலில் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

பதிந்த இரண்டாம் வாரம் அக்காவுக்கு ஒரு விருப்பம் வந்தது. பழனிப் பக்கம் கீரனூர். கால்நடை மருந்தகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பெண் பார்க்க வந்தார்.

வாசலில் எங்கள் வெள்ளாடு கட்டியிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஆட்டிடம் போனார். இரண்டு விரலால் அதன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "வெளுத்துக் கெடக்குது. வயித்துல பூச்சிங்க. ரெண்டு நாளா சரியா மேயலியா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அக்கா, "மூணு நாளா" என்று சொல்லிவிட்டாள். பெண் பார்க்க வந்தவரிடம் ஜன்னல் வழியாகப் பேசியது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. காபி வாங்கும்போது மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி அக்கா கையில் கொடுத்தார். அக்கா சிரித்தாள். ஆறு வருடமாக எத்தனையோ பேருக்குக் காபி கொடுத்தவள், அன்றுதான் டம்ளரைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல் நின்றாள்.

"ஏனுங்க, ஊருக்குப் போயிக் கலந்து பேசிட்டுத் தகவல் சொல்லி அனுப்பறமுங்க" என்றார் அவருடைய அம்மா.

ஆடு பிழைத்துக்கொண்டது. தகவல் வரவில்லை. முதல் வாரம் அக்கா சீட்டைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள். இரண்டாம் வாரம், "கெடையில மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடுற நேரமாம், அலைச்சலா இருக்கும்" என்று தானாகவே சொன்னாள். ஐந்தாம் வாரம் அந்தச் சீட்டு பைபிளுக்குள் இல்லை.

ஆறாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். எங்களில் ஒரு கல்யாணம் முடிவானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம். ஏதாவது தடை இருப்பது தெரிந்தால் பங்கின், அதாவது ஊர்க் கோவிலின், சாமியாரிடம் சொல்ல வேண்டும். மூன்று வாரமும் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் கல்யாணம்.

சாமியார் கீரனூர் என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அப்பா பெயர், மாப்பிள்ளையின் பெயர். நான் நிமிர்ந்தேன். அடுத்து எங்கள் அப்பாவின் பெயர். அடுத்து மகள், அக்காவின் பெயர்.

பெண்கள் பக்கம் மொத்தமும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. முன் வரிசையில் ஒரு பெரியம்மா ஏற்கெனவே கைகூப்பிவிட்டார். ஆண்கள் பக்கம் அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தலைமை ஆசிரியர் வேலையில் இருபத்தாறு வருடமும் சிரிக்காத மனிதர். மாப்பிள்ளை வீட்டார் அவசரத்தில் நேரே சாமியாரிடமே பேசிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார் போல. அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் காது சிவந்திருந்தது.

"இந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் தற்போது ஆயக்குடியில் வசிப்பவர்" என்று சாமியார் வாசித்து முடித்தார்.

சாமியார் ஒரு மூச்சு இழுக்கிற நேரம் என் அக்கா கல்யாணம் நிச்சயமானவளாக இருந்தாள். பூசை முடிந்து வெளியே வந்ததும், கடைசி வரியைக் கவனிக்காத இரண்டு பேர் அப்பாவுக்குக் கை கொடுத்தார்கள். அப்பா கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம புள்ள இல்லப்பா, அது வேற" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினார்.

வேற என்றால் யார்? மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அக்கா என்னோடு திண்டுக்கல் பஸ் ஏறினாள். மாடியில் என் நாற்காலியில் உட்கார்ந்து, "எங் கணக்கத் தொற" என்றாள். நான் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். பெயரையும் இனிஷியலையும் ஒற்றை விரலால் தட்டினாள். பாஸ்வேர்டுக்கு ஜூன் ஒன்றைத் தட்டினாள்.

வணக்கம் என்று அவள் பெயரைச் சொல்லிப் பக்கம் திறந்தது. போட்டோவில் வேறு ஒருத்தி.

வேலை என்ற இடத்தில் தையல் என்று இருந்தது. விலாசம் ஆயக்குடி. எண் மட்டும் அதே ஏழு. என்ன நடந்தது என்று புரிய எனக்குக் கால் நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ ஒருத்தி புதிதாகப் பதிந்திருக்கிறாள். அதே பெயர், அதே இனிஷியல், அதே தேதி, அதே ஊர். டேட்டாபேஸ் நான் சொன்னபடியே இது பழைய ஆள்தான் என்று முடிவு செய்து, அக்காவின் வரியில் அவளை எழுதிவிட்டது. விருப்ப நோட்டில் பெயர் கிடையாது, எண்தான். கீரனூர்க்காரருக்கு ஏழாம் எண்ணைப் பிடித்திருந்தது. ஏழு இப்போது அவள்.

அக்கா போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ எம் பக்கத்துல ஒக்காந்தவடி" என்றாள். "ஒண்ணாப்புல இருந்து அஞ்சு வரைக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே பேரா, அப்பாவுக்குக் கூப்புடக் கொழம்பும். சன்னல் ஓரத்துல அவ, செவுத்து ஓரத்துல நானு. அவள சன்னல்னு கூப்புடுவாரு. என்னைய செவுருன்னு."

"ஒன்னையவா?"

"ஆமா. வீட்லகூட ரெண்டொரு தடவ கூப்ட்ருக்காரு."

சன்னலின் அப்பா பிறகு ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்புக் குத்தகைக்குப் போய்விட்டார். குடும்பமும் போய்விட்டது. கோவிலில் பெயரை மட்டும் எங்கள் பங்கிலேயே வைத்திருந்தார்கள்.

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு உபதேசியாரைப் பார்க்கப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அவர் ஆரம்பித்துவிட்டார். "கேட்டியா தாயி? ஆயக்குடிப் புள்ள பதிஞ்சு அன்னிக்கே உள்ள போயிப் பாத்தா, கீரனூர்ல இருந்து விருப்பம் வந்து ஒக்காந்திருக்காம். பதியிறதுக்கு முன்னாடியே வந்திருச்சுங்கிறாரு அவுக அப்பா. மாதாவோட கிருபைன்னு கண்ணு கலங்குறாரு. பொண்ணு பாக்க வாங்கன்னு அவரே கடுதாசி போட்டு, அவுகளும் போயிப் பாத்து, மாப்பிள்ளையும் சம்மதம்னு அழுத்திட்டாரு. நான் சாமியார்ட்டகூடச் சொல்லிட்டேன், கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான்."

நான் நடந்ததைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பழைய பெண்கள் நோட்டை எடுத்துத் துடைத்து மேலே வைத்தார்.

"நோட்டுல வரிச நம்பர் போடுவேன்ல தாயி. ரெண்டு பேரு வந்தா ரெண்டு நம்பரு. ஒரே ஆளான்னு சந்தேகம் வந்தா ஆளப் பாத்துக் கேப்பேன்."

"ஒரு ஆளுக்கு ஒரு எடந்தான்னு நீங்கதானய்யா சொன்னீங்க?"

"ஒரு ஆளுக்குன்னுதான தாயி சொன்னேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கொட்டினேன். அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கொளத்தக் கேட்டு மாட்டக் கேட்டு ஊருக்கெல்லாம் ஜூன் ஒண்ணு போட்டீங்க, சரி. அக்காவுக்கு ஞானஸ்நானப் புத்தகத்துல தேதி இருக்குல்லப்பா? அதுக்கும் ஏன் ஜூன் ஒண்ணு?"

அப்பா ரேடியோவை அணைத்தார். "பிப்ரவரின்னு போட்டா அஞ்சு வயசு ஆகாது. மறுவருசந்தான் சேக்க முடியும். ஊரான் வீட்டுப் புள்ளைகளுக்கு ஒரு தேதி எழுதிட்டு, எம் மகளுக்கு மட்டும் சரியான தேதி எழுதுனா வாத்தியாரு தன் புள்ளைய மட்டும் தனியா வைக்காருன்னு கேப்பாக. அதான் எல்லாரையும் ஒண்ணா வச்சேன்."

எல்லோரையும் ஒன்றாக வைத்தார். நானும் அதையேதான் செய்திருந்தேன். அப்பா எழுந்து உள்ளே போனார். அன்று இரவு அவர் சாப்பிட்ட மாதிரியே தெரியவில்லை. நானும் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு அப்போது அவ்வளவு நல்ல மனது இல்லை.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தடை இருந்தால் சொல்லலாம் என்றுதானே வாசிக்கிறார்கள்? தடை இருக்கிறது, எனக்குத் தெரியும், நானேதான் அந்தத் தடை. மூன்றாவது ஓலை முடிந்ததும் நேரே சாமியாரிடம் போய், இந்த மாப்பிள்ளை விரும்பியது இந்தப் பெண்ணை அல்ல, கம்ப்யூட்டரில் ஒரு வரி மாறிவிட்டது என்று சொல்லிவிடுவது. கல்யாணம் நிற்கும். அவர் வெள்ளாட்டையும் அக்காவையும் பார்க்கத் திரும்பி வருவார். வேலை போனால் போகட்டும். வாரம் முழுக்க பஸ்ஸில் இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்த நான்கு விவரத்துக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் 'யூனிக் கீ' என்பதைச் சாமியாருக்கு எப்படி விளக்குவது என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து முடித்ததும் எழுந்தேன். அக்கா என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"சாமியார்ட்ட. தடை இருக்குன்னு சொல்லப் போறேன்."

"என்ன தட?"

"எந் தப்புதான்க்கா. ரெண்டு பேரும் ஒரே வரியில ஏறிட்டீங்க. அவரு விரும்புனது ஒன்னையத்தான். நாஞ் சொன்னா நின்னுரும்."

அக்கா பீடத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "கம்ப்யூட்டருக்குத்தான்டி நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு. அவரு நம்ம வீட்டுக்கும் வந்தாரு, அங்கயும் போனாரு. ரெண்டு பேரு கையிலயும் காபி வாங்கிக் குடிச்சிருக்காரு. ஆட்டோட கண்ணப் பாத்தே பூச்சின்னு சொன்ன ஆளு. அவருக்கா ஆளு மாறுனது தெரியாது?"

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காரு. எல்லாரும் பாக்குறாக" என்றாள்.

உட்கார்ந்தேன். இத்தனை நாளும் நான் அதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அவருடைய அம்மா என்ன சொன்னாரோ, கீரனூருக்கு ஆயக்குடி பக்கம் என்று நினைத்தார்களோ, அந்த எட்டு மாதமோ, அது எனக்குத் தெரியாது. சன்னலுக்கும் சர்டிபிகேட்டில் அதே தேதிதான். திங்கட்கிழமை விருப்ப நோட்டைத் திறந்து அவர் சம்மதம் என்று அழுத்திய தேதியைப் பார்த்தேன். உபதேசியார் சொன்ன நாளை வைத்துப் பார்த்தால், ஆயக்குடிக்குப் போய் வந்து நான்கு நாள் கழித்து அழுத்தியிருந்தார். நான்கு நாள் யோசித்திருக்கிறார். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சன்னல் எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தாள், கூடவே ஒரு பை கொய்யா. அவளுக்கு எதுவும் தெரியாது. அப்பா காலில் விழுந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு வருசம் கழிச்சுக் கம்ப்யூட்டர்தான் கொண்டாந்து குடுத்துச்சு. ஒந் தங்கச்சி செஞ்சதாமே" என்றாள். அக்கா ஆமாம் என்றாள். கொய்யா நன்றாகப் பழுத்திருந்தது. நான் தொடவில்லை. அக்கா இரண்டு தின்றாள்.

நான் வெப்சைட்டைத் திருத்தினேன். ஆளுக்கு ஆள் எண்தான் அடையாளம் என்று மாற்றினேன். நான்கும் பொருந்தி ஒருவர் வந்தால் பழைய போட்டோவைக் காட்டி, 'இது நீங்கள்தானா?' என்று கேட்கும்படி வைத்தேன். உபதேசியார் பார்த்துவிட்டு, "இதத்தான தாயி நான் நோட்டுல கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார். மூன்று வருடம் படித்துவிட்டு அவருடைய நோட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

கல்யாணம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை அக்கா மாடிக்கு வந்தாள். புதுப் போட்டோவும் ஞானஸ்நான சர்டிபிகேட்டும் கொண்டுவந்திருந்தாள். "இந்தத் தேதியப் போடு" என்றாள். பிப்ரவரி மாதத் தேதியைப் போட்டேன். அக்கா எட்டு மாதம் இளையவள் ஆனாள்.

"இப்ப நான் எத்தனாவது?"

"இருநூத்திப் பதினொண்ணு."

"முன்னாடி ஏழு" என்றாள்.

அன்று எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கல்யாணம் ஆனவர்களின் பெயரை எடுத்துவிடச் சொல்லி உபதேசியார் பட்டியல் கொடுத்திருந்தார். ஏழாம் எண்ணை அழிக்கச் சொன்னேன். டேட்டாபேஸ் மறுத்துவிட்டது. விருப்ப நோட்டில் ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிகள் இருக்கின்றன; அவை இருக்கும்வரை ஏழாம் எண்ணை அழிக்க முடியாது. அதுவும் நான் வைத்த விதிதான். அந்த இரண்டு வரிகளையும் திரையில் கொண்டுவந்தேன். முதல் வரியில் விருப்பம், ஒரு தேதி. இரண்டாவது வரியில் சம்மதம், இன்னொரு தேதி.

அக்கா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்த ரெண்டாவது அவளுக்கு" என்றாள்.

"ஆமாக்கா."

"மொதத் தேதிக்கு அவ இன்னும் பதியல."

"இல்ல. பதிஞ்சது மூணு வாரம் கழிச்சு."

"அப்ப இது எனக்கு வந்ததுதான?"

"ஒனக்கு வந்ததுதான்க்கா."

அக்கா அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். கீழே மருந்துக் கடையில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, அழிச்சிரு" என்றாள்.

முதல் வரியை அழித்தேன். ஒரு வரியை அழித்ததும் கம்ப்யூட்டர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னது. பாதிக்கப்பட்டது ஒரு வரி.